மேலயா, கீழயா

நோராவின் கையைப் பிடித்த மனிதர் குலுக்கி முடித்தும் விடுவதாக இல்லை. "உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறேம்மா" என்று முறையாகச் சொன்னார். சவப்பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நாற்சந்தி விளக்கு எரிந்தே மாசக்கணக்காகிறது என்றார். இனி அதைக் கேட்க ஆளில்லை என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. "பழக்கதோஷம்" என்று அசடு வழிந்தபடி டீ இருந்த பக்கம் நகர்ந்துவிட்டார்.

நோராவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவள் அப்பா, கவுன்சிலர் டெர்மட், விரல்களில் ஜெபமாலையும் மீட்டிங்குக்குப் போடும் சாம்பல் கோட்டுமாக முன்னறையில் கிடந்தார். இந்தப் பக்கத்துச் சாவு வீடு ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. அதனால் இன்று ஒருத்தரும் அவரைத் தவறவிடவில்லை. வரிசை அடுக்களையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மழையில் கேட்டுவரை நின்றது. ஒருத்தி தன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கித் தந்ததைச் சொல்லி அழுதாள். அந்தப் படுக்கை எப்படியும் கிடைத்திருக்கும் என்று நோராவுக்குத் தெரியும். ஆனால் கிடைக்கும்வரை தினம் போன் போட்டு விசாரித்தவர் அப்பா மட்டும்தான்.

மாவட்டத்தில் பாதி, தலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வந்து படுக்கிற டவுன். மீதிப் பாதி மலை, சதுப்பு, ஆடு. பணம் எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும்? எந்த ரோட்டில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் தார் ஊற்றுவார்கள். ஆடுகளை வண்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நோரா வேலை பார்ப்பது கவுன்சிலின் ரோடுப் பிரிவில். மலைமேல் போகும் மேல் கில்பிராக் ரோட்டுக்காக அப்பா மாதாமாதம் கேட்பார். அங்கே வண்டி போதாது என்று மாதாமாதம் நோராவின் மேஜையிலிருந்துதான் பதில் போகும்.

ராத்திரி சாப்பாட்டில் அதை ஒரு கதைபோலச் சொல்வார். "அந்த ரோடு ஆபீசுல ஒரு பொண்ணு இருக்கா நோரா. என்னா கறாரு! எந்த வீட்டுப் பொண்ணோ, பாவம் அப்பன்காரன்" என்பார். சொல்லிக்கொண்டே இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்வார். நீ என் மகள்தானே என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டியின் பக்கத்தில் நின்றபோது, அதற்கு நன்றிபோல அவர் கோட்டுக் காலரை நேராக்கிவிட்டாள்.

டெலியா வந்தபோது வரிசை தானாக விலகி வழிவிட்டது. மேல் கில்பிராக்கில் கடைசி வீடு அவளுடையது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப்போகும் ஆஸ்பத்திரி வேன், ஒருதரம் அச்சு முறிந்ததிலிருந்து அந்த ரோட்டில் ஏறுவதில்லை. வேன் நாற்சந்தியிலேயே நின்றுவிடும்; புருஷன் டிராக்டரில் அங்கே கொண்டுவந்து விடுவான். திரும்பும்போது, ஊசி குத்திய கையோடு அவள் மறுபடி அந்தக் குலுக்கலில் ஏறிப் போகவேண்டும்.

"நாளைக்கு அடக்கத்துக்கு வரமுடியாது கண்ணு. ஆஸ்பத்திரி நாளு. கோவிச்சுக்கமாட்டாருன்னு நெனைக்கறேன்" என்றாள்.

"அவரா? 'நேரத்துக்குப் போய்ச்சேரு'ன்னு உங்களத்தான் வெரட்டுவாரு" என்றாள் நோரா.

டெலியா குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள். எனக்காக எத்தனை சண்டை போட்டாரு என்று மட்டும் சொன்னாள். எந்த ஆபீசோடு என்று சொல்லவில்லை.

சாயங்காலம் நோராவின் மேலதிகாரி டவுனிலிருந்து போன் செய்தார். நல்ல மனிதர். இரண்டு தார் லாரிகள் புது வீடுகள் பக்கம் மாட்டிக்கொண்டனவாம். மூன்றாவதை எப்படியோ பிடுங்கி, அப்பாவின் மரியாதைக்காகக் காலையில் அனுப்புகிறாராம். கில்பிராக் ரோட்டில் பள்ளமெல்லாம் அடைத்துவிடுவார்கள், பெட்டி குலுங்காமல் கல்லறைக்குப் போகும் என்றார். நோரா மனமார நன்றி சொன்னாள். அம்மாவின் பக்கத்தில் படுக்கப்போகிற அப்பா நோகாமல் போய்ச்சேரவேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

செய்தி டீத்தட்டோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்தது. பக்கத்துப் பண்ணை பேதர், "ரோடு போட இந்த ஊர்ல ஒரு கவுன்சிலர் சாகவேண்டியிருக்கு. தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்போமே" என்றார். அவரும் அப்பாவும் எதிரெதிர்க் கட்சி. முன்னறையே சிரித்தது. பேதர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலையில் லாரி வந்து வாசலில் நின்றது. மேஸ்திரி மாலக்கி தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். பக்கத்து ஊர்க்காரர். உள்ளே போய் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வந்து தயங்கினார்.

"நோராம்மா, கில்பிராக் ரோடுன்னு மட்டும்தான் சொல்லிவிட்டிருக்காங்க. மேலயா, கீழயா?"

"அவரு போற எடத்தக் கேக்கறியா?" என்றார் பின்னாலிருந்து பேதர்.

கல்லறை இருப்பது கீழ் கில்பிராக்கில். மாலக்கிக்கு அது தெரியாதா என்ன? டவுனில் இருப்பவர்களுக்குத்தான் கில்பிராக் இரண்டு என்பது நினைவிருக்காது. நோரா லாரியைப் பார்த்தாள். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி ஒரே ஒரு லோடு. ஒரு ரோட்டுக்குத்தான் காணும். ஜன்னல் வழியே அப்பாவின் சாம்பல் கோட்டு தெரிந்தது. கீழ் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லத்தான் ஆசையாக இருந்தது.

"மேல" என்றாள்.

"அப்ப அப்பா?" என்றார் மாலக்கி.

பதில் பேதரிடமிருந்து வந்தது. "சவ வண்டி கல்லறை ரோட்டு மொனையில நிக்கட்டும். அங்கேர்ந்து நாங்க தூக்கறோம். காலம்பூரா எங்க தோள்ல கையப் போட்டே ஓட்டு வாங்கினாரு. இன்னிக்கு ஏறியே வரட்டும்."

மாலக்கி தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஆபீசுல கேட்டா?"

"வழி தப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றாள் நோரா.

"பக்கத்து ஊர்லயே பொறந்து வளந்தவனா?"

"சாவு வீட்டுக்கு வந்தா யாருக்கும் தப்பும்."

சர்ச்சில் பூசை முடிந்து கல்லறை ரோட்டு முனையில் பெட்டியை இறக்கினார்கள். ஆறு ஆறு பேராகத் தோள் மாற்றிக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஓட்டே போடாதவர்கள்தான் முதலில் முந்தினார்கள். பள்ளங்களில் மழைநீர் நின்றது. ஆனால் ஒவ்வொரு பள்ளத்தையும் அவர்களுடைய கால்கள் அறிந்திருந்தன. "எடது பக்கம்", "இப்ப நிதானம்" என்று பேதர் முன்னால் நடந்தபடி தணிந்த குரலில் சொல்லிவந்தார். பின்னால் நடந்த நோரா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது ஒருதரம்கூடக் குலுங்கவில்லை. எந்தத் தாரும் அவரை இப்படிக் கொண்டுபோயிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

கயிறுகளில் பெட்டி குழிக்குள் இறங்கி நின்றது. குருவானவர் ஜெபத்தைத் தொடங்கினார். கூட்டத்தில் யாரோ தலை திருப்பினார்கள், பிறகு இன்னொருவர், பிறகு எல்லோரும். பள்ளத்தாக்கின் மறுபக்கம், மலைச்சரிவில், வெள்ளை ஆஸ்பத்திரி வேன் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நாற்சந்தியில் அது நிற்கவில்லை. மெல்ல மெல்ல ஏறி, கடைசி வீட்டு வாசலுக்கே போய் நின்றது. கதவு திறந்தது.

குருவானவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் திரும்பி இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.