ஐப்பசி வெள்ளை

கடப்பாரையின் முதல் குத்து சுவரில் இறங்கியபோது செல்வாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள், துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

காலண்டர் மாட்டக்கூட அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடாதவர் அவள் புருஷன் கண்ணையன். இப்போது மாலையோடு அவர் பக்கத்திலேயே கிடக்க, முத்தியால்பேட்டையே கூடி நின்று அதை இடித்துக்கொண்டிருந்தது. அவிட்ட நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு. வாசல் வழியாக எடுத்தால் வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும், சுவரை இடித்து எடுத்தால் தேவையில்லை என்று பஞ்சாங்கம் பார்த்தவர் சொன்னார். மகன் தெய்வசிகாமணி யோசிக்கக்கூட இல்லை. கார்த்திகைக்குள் வீட்டை விற்றுவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவன் அவன். பூட்டிய வீட்டை யார் வந்து பார்ப்பார்கள்?

மில்லில் வேலை செய்த நேரம் போக மிச்ச ஆயுளைக் கண்ணையன் இந்த வீட்டுக்குத்தான் கொடுத்தார். சித்திரையில் ஓடு பிரித்து மாற்றுவார். ஆடிக் காற்றுக்கு முன்னால் கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். தை பிறந்த பிறகுதான் வெள்ளையடிப்பு. ஐப்பசியில் சுண்ணாம்பு அடிப்பவனைத் தூக்கில் போடலாம் என்று பிரெஞ்சுக்காரன் சட்டம் போட்டிருந்தால், கயிறு திரிக்க முதல் ஆளாக இவர் போயிருப்பார். கீலுக்கு எண்ணெய் விட்ட மனுசன், கட்டினவள் தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்தச் சித்திரையில் மட்டும் ஓடு மாற்றவில்லை. "விக்கப்போற ஊட்டுக்கு எதுக்குப்பா தண்டச்செலவு?" என்று நெய்வேலியிலிருந்து வந்த மகன் தடுத்துவிட்டான். முதல் மழையிலேயே கூடம் ஒழுகியது. மழை கொஞ்சம் விட்டபோது யாருக்கும் சொல்லாமல் ஏணி போட்டு ஏறினார். இறங்கி வந்து சுவரில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். அவள் சொம்போடு ஓடி வருவதற்குள் அவர் கண் கூரையிலேயே நின்றுவிட்டிருந்தது.

ஓட்டை வழியாக அவரைச் சாய்த்து, நெளித்து வெளியே எடுத்தார்கள். அவர் முகத்தில் உதிர்ந்த செங்கல் தூளை யாரும் துடைக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாளே கொத்தனார் வந்தார். ஓட்டையை அடைத்து, மேலே பூசி, மழைக்கு நடுவே வெள்ளையும் அடித்தாயிற்று. தை வரை அது காயாது என்று செல்வாம்பாளுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நெய்வேலிக்கு வருகிறாயா என்றுகூட அவளை யாரும் கேட்கவில்லை. மகனின் குவார்ட்டர்சில் அரிசி மூட்டைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே அவளுக்கு இடம் பார்த்தாகிவிட்டது. அங்கே படுத்துக் காலை நீட்டுவதென்றால் ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் நீட்டலாம்.

வீட்டை வாங்க வந்தவர் மிக்கேல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கும் சொல்தா. அவர் வருவதற்குச் சற்று முன்னால் தெய்வசிகாமணி சுவரின் புதுப் பூச்சைத் தொட்டுப் பார்த்தான். விரல் ஈரமாக, வெள்ளையாக வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு பாயைக் கொண்டுவந்து சுவரோரம் விரித்தான்.

"இங்க சாஞ்சி உக்காரும்மா. அவரு போற வரைக்கும் எழுந்திரிக்காத. தாலியறுத்த பொம்பளய எவனும் நவுறச் சொல்ல மாட்டான்."

உட்கார்ந்தாள். ஈரம் முதலில் ரவிக்கையில் ஏறியது. பிறகு முதுகெலும்பில்.

மிக்கேல் கைத்தடியால் சுவர் சுவராகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தூணைத் தடவினார். கதவைத் தள்ளினார். முனகல்கூட இல்லாமல் திறந்தது.

"ஒங்கப்பா ஊட்ட பொண்டாட்டி மாதிரி வச்சிருந்திருக்காரு" என்றார்.

செல்வாம்பாள் கூரையைப் பார்த்தாள்.

தெருவில் யாராவது சொல்லித் தொலைப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று, தெய்வசிகாமணி நட்சத்திர விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னான். மிக்கேல் சிரித்தார்.

"நட்சத்திரம்லாம் எங்க கோயில்ல கெடையாது தம்பி. பேயே இருந்தாலும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும். ஈரம்தான் ஆவாது. எனக்கு இழுப்பு. ஈரச் செவுத்தோரம் படுத்தா பொங்கலுக்குள்ள என்னையும் தூக்கிடுவீங்க."

"இந்த ஊட்ல ஈரமே கெடையாது முசே."

மிக்கேல் இந்தப் பக்கம் திரும்பினார். பாயில் இருந்தவளைக் கண்டதும் கைத்தடியைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாவம், அம்மா உக்காரட்டும். மத்ததெல்லாம்தான் பாத்துட்டனே."

நாற்காலியில் அமர்ந்து, பத்திரம் எப்போது பதியலாம் என்று பேச்சை எடுத்தார். கார்த்திகை முதல் வாரமே நல்லது என்றான் மகன். அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

செல்வாம்பாள் தரையில் கையை ஊன்றினாள்.

"தண்ணி கொண்டாறேன்."

"நான் எடுத்தாறேன். நீ உக்காரும்மா."

"ஊட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க வேணாமா?"

எழுந்தாள். புடவை சுவரை விட்டு மெல்லப் பிரிந்து வந்தது. முதுகு முழுக்கச் சுண்ணாம்பு சில்லென்று ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள்.

அன்றைக்கு அவருக்கு இந்தச் சொம்பை எடுத்துக்கொண்டுதான் ஓடினாள். இன்றைக்கு அவசரம் இல்லை. சொம்பு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் புளி எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள்.

கூடத்தில் பேச்சு நின்றிருந்தது. கைத்தடி சுவரில் ஒரு முறை தட்டியது, சேற்றில் குத்தியது போல.

அவள் சொம்பைத் திருப்பி, அடிப்பக்கத்தையும் தேய்த்தாள்.