சந்தனம் பட்ட கேசட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. நான் ஒரு டி.வி.டி. ரெக்கார்டர் வாங்கினேன், அதனால் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் பழைய வீடியோ கேசட்டை நுழைத்தால் மறுபக்கம் டிஸ்க்கில் ஏற்றித் தரும் இரட்டைப் பெட்டி. எழுத்தாளன் என்று இருபது வருடமாக என்னைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. பெட்டி வாங்கிய மாதமே கல்யாணக் கேசட்டும் காதுகுத்துக் கேசட்டுமாக வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. கருமத்தம்பட்டியிலிருந்து வருவதாகச் சொன்னார். மஞ்சப்பையிலிருந்து ஒரே ஒரு கேசட்டை எடுத்தார். லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் "அவரு" என்று எழுதியிருந்தது. நாடாவை மூடும் மடலில் காய்ந்துபோன சந்தனக் கறை.

"ஏனுங்க, இதை டிஸ்க்குல ஏத்திக் குடுங்க. படம் வராதுங்க, வெள்ளைப் புள்ளியா ஓடும். அதைப் பாத்துப்போட்டுப் பாதியில நிறுத்திப்போடாதீங்க."

"சரிங்க."

"அப்புறம், நீங்க கேக்கப்படாதுங்க. நானே மொத ஒரு நிமிசந்தான் கேட்டிருக்கறன்."

"கேக்காத கேசட்டை எதுக்குங்க டிஸ்க்குல போடோணும்?"

"பூசணம் புடிக்குதுங்க. கேக்கறமோ இல்லையோ, இருக்கோணுமுங்க."

பிறகு நின்றபடியே பத்து நிமிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சரியான இடத்துக்கு வந்தபோது வெளியே ஏதோ வண்டி இரண்டு தரம் ஹாரன் அடித்தது. "வாரேனுங்க, வியாழக்கெழம வந்து வாங்கிக்கறன்" என்று வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு நிமிடம் பொறுக்கத் தெரியாத டிரைவர் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்று வியாழக்கிழமை. அதற்குள் கதையை முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "தொண்ணூற்றாறாம் வருட ஆயுத பூஜையன்று கருமத்தம்பட்டியில் விசைத்தறிகள் நின்றிருந்தன. ஊரின் மீது ஒரு மகத்தான மௌனம்..."

[அடித்துவிட்டேன். மௌனமாவது மகத்தானதாவது. தறிக்காரர்களுக்கு அன்றைக்குக் காது அடைத்தமாதிரி இருக்கும், அவ்வளவுதான்.]

இரண்டாம் முயற்சி: "பாவாத்தாளுக்கு அப்போது நாற்பது வயது. அவள் கண்களில்..."

[கண்களில் என்ன இருந்தது என்று எனக்கெப்படித் தெரியும்? பெயரே நான் வைத்ததுதான். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஆனி மாதம், விசைத்தறியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுக்க டி.வி.க்காரர்கள் பாவாத்தாளின் கொட்டகைக்கு வந்தார்கள். அவள் கணவன் ஈஸ்வரமூர்த்தி கேமரா முன்னால் நான்கு நிமிடம் பேசினான். கடைசியில், படத்துக்காக ஓடவிட்டிருந்த ஒற்றைத் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தது. எதிரே கேமரா இருப்பதையே மறந்து, பக்கவாட்டில் திரும்பி, "ஏனம்மணி, தார் தீந்துபோச்சு பாரு" என்று கத்தினான். தார் என்பது ஊடை நூல் சுற்றிய கட்டை. அம்மணி என்பது பாவாத்தாள். பதினெட்டு வருடமாக அவன் அவளை அப்படித்தான் கூப்பிட்டான்.

ஆவணியில் கோயமுத்தூரில் அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது.

பேச்சு போனதில் அவர்கள் வீட்டில் பெரிதாக ஒன்றும் நின்றுபோகவில்லை என்பதுதான் விசேஷம். தறிச் சத்தத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும் பேசிப் பழகியவர்கள். சண்டைகூட அப்படியே போடுவார்கள். கூப்பிடுவதுதான் கஷ்டம். அவள் முதுகைக் காட்டி நின்றால் அவன் ஒரு தார்க்கட்டையால் எதையாவது இரண்டு தட்டுத் தட்டுவான். அவள் திரும்புவாள்.

பிறகென்ன குறை? ஒருநாள் அடுப்படியில் நின்றபோது அந்த "ஏனம்மணி"யை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். சொல் வந்தது, குரல் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். அவளுடைய குரலிலேயே வந்தது. பாவாத்தாள் அன்றைக்குப் பயந்துபோனாள். புருஷன் உள்ளே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே அவனில் ஒரு பங்கு கையைவிட்டுப் போகிறது என்கிற பயம்.

புரட்டாசியில் டி.வி. நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. ஆயுத பூஜையன்று மாலை ஆறரை மணிக்கு நிகழ்ச்சி.

3

அவள் செய்ததை வரிசையாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவிநாசியில் அண்ணன் பொங்கியண்ணனிடம் ரெக்கார்டிங் டெக் இருந்தது. ஒரு வாரம் முன்னதாகவே போய், "பத்து நாளைக்கு இது என்ற ஊட்டுல இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தினமும் செய்தி நேரத்தில் பழைய கேசட்டில் பதிவுசெய்து பழகினாள். எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பது இருட்டிலும் தெரிகிற அளவுக்குப் பழகினாள். புதுக் கேசட் ஒன்றைப் பிரிக்காமல் அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். ஆயுத பூஜையன்று தறிகள் ஓடாது, அதனால் வோல்டேஜ் நிற்கும் என்பதைக்கூட யோசித்துவைத்திருந்தாள்.

யோசிக்காதது ஒன்று. அன்று காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால், பூஜை வரிசையில் ஸ்பேனர், தறிச் சாமான், தையல் மிஷின், இவற்றோடு டெக்கும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

(* தெரியாதவர்களுக்கு: பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை செய்கிறவரை எடுக்கக் கூடாது. டி.வி.க்கும் பொட்டு வைப்பார்கள், ஆனால் அதைப் போடாமல் இருக்கமாட்டார்கள். அன்றைக்குச் சிறப்பு நிகழ்ச்சிகள் இருக்கின்றனவே. கேட்டால், டி.வி. வேலை செய்கிற சாமான் இல்லை, சும்மா பார்க்கிற சாமான் என்பார்கள். டெக் வேலை செய்கிற சாமான்.)

(* பக்கத்து வீட்டில் சத்தியசீலன் வாத்தியாரிடம் டெக் இருந்ததே, மாதா கோயிலுக்குப் போகிறவருக்கு ஆயுத பூஜை ஏது என்று கேட்கிற புத்திசாலி வாசகருக்கு: பாவாத்தாள் உங்களுக்கு முன்பே ஓடிப்போய்க் கேட்டுவிட்டாள். அவருடையது படம் மட்டும் போடும், பதிவுசெய்யாது.)

முதல் பிரதியில் மாமியார் குழந்தையம்மாள்தான் டெக்கைப் பூஜையில் வைத்தாள் என்று எழுதியிருந்தேன். கோபமான மாமியார் ஒருத்தி கிடைத்தால் கதை தானாக ஓடும். மூன்று பக்கம் ஓடவும் செய்தது. பிறகு எழுதிய கை நின்றது. அந்தக் கிழவி பெற்ற பிள்ளையின் குரல் அல்லவா அது? அவள் எதற்கு மறிக்கப்போகிறாள்? மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

டெக்குக்குப் பொட்டு வைத்தது ஈஸ்வரமூர்த்தி.

4

பாவாத்தாள் அவனைக் கொட்டகையில் பிடித்தாள். நின்றிருந்த தறிகளுக்கு நடுவே, வழக்கம்போல அவன் உதட்டைப் பார்த்தபடி பேசினாள்.

"வேணும்னுதானுங்க அதைப் பூசையில வெச்சீங்க?"

அவன் தலையாட்டினான். மறைக்கவில்லை.

"எனக்கு உங்க பேச்சு வேணுமுங்க."

அவன் உதடுகள் மெதுவாக அசைந்தன. "அந்தக் கொரல வெச்சுட்டு, இந்த ஆள என்ன பண்ணுவே?"

[இந்த இடத்தில் நான் அவளுக்கு அரைப்பக்க வசனம் எழுதினேன். தியாகம், காலம், தாம்பத்தியம் எல்லாம் வந்தன. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் என் வாசலில் நின்று சொன்னது ஒரே வாக்கியம். அதையே வைக்கிறேன்.]

"ரெண்டையும் வெச்சுக்குவனுங்க" என்றாள் பாவாத்தாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதட்டால் பேசுகிறவர்கள் முகத்தைத் திருப்பிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் சுற்றிவந்து அவன் முன்னால் நின்று, "எடுக்கத்தான் போறனுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

5

மாலை ஐந்தரைக்கு அவள் கேசட்டோடு வந்தபோது குழந்தையம்மாள் பூஜை வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நான் டெக்கை எடுக்கப்போறனுங்க."

"மறுபூசை ஆகாம எப்படிப் புள்ளே எடுப்பே?"

"எடுக்கத்தானுங்க போறன். பாவம்னா என்ற தலையோட போகட்டும்."

கிழவி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். "பாவம் எதுக்கு? அந்தப் பொட்டிக்கு மட்டும் மறுபூசைய இப்பவே போட்டு முடிச்சுப்போடு. மத்ததுக்கு நாளைக்குப் போட்டுக்கலாம். ஒரு தேங்கா எச்சாகும், அவ்வளவுதானே."

பாவாத்தாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். டெக்கை எடுத்து டி.வி. பக்கத்தில் வைத்து வயரைச் சொருகினாள். கேசட்டை நுழைக்கப்போகும்போது கிழவி கையைப் பிடித்தாள்.

"புதுச் சாமான். பொட்டு வெக்காம உள்ள உடறதா?"

என்று கேட்டுக்கொண்டே, குழைத்த சந்தனத்தைக் கேசட்டின் மடல் மீதே தாராளமாக ஒரு அப்பு அப்பினாள்.

வோல்டேஜ் வரைக்கும் யோசித்தவள் இதை ஏன் தடுக்கவில்லை? நான் கேட்டேன். "தேங்கா ஒடச்சு எடம் குடுத்தவியகிட்ட, பொட்டு வேண்டாமுன்னு எப்படீங்க சொல்றது?" என்றார். அவசரத்தில் முந்தானையால் துடைத்தாளாம். ஈரம் ஈரம்தான்.

(* டெக்கில் படத்தைப் பதிகிற தலை வேறு, சத்தத்தைப் பதிகிற தலை வேறு என்று மெக்கானிக் ஒருவர் எனக்கு விளக்கினார். சந்தனம் அப்பிக்கொண்டது படத் தலையில். அதனால்தான் வெள்ளைப் புள்ளி. சத்தம் பிழைத்திருக்கும்.)

6

ஆறரை. டெக்கைத் தயாராக வைத்திருந்தாள். டி.வி.யில் முதலில் நூல் மில், சாயப்பட்டறை எல்லாம் ஓடின. பிறகு அவன் வந்தான். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கமுங்க. என்ற பேரு ஈஸ்வரமூர்த்திங்க."

குழந்தையம்மாள் "எஞ்சாமி" என்று வாய்விட்டு அழுதாள். பாவாத்தாள் அழவில்லை. அழுதால் காது கேட்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தறிக்கு நீளவாக்கில் பாவு நூல் ஓட்டுவதைப் பற்றிச் சொன்னான். நூல் கிடைக்காத கஷ்டத்தைச் சொன்னான். ஒவ்வொரு வாக்கியமாக அந்தக் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதை டி.வி.க்காரர்கள் வெட்டாமல் வைத்திருப்பார்களா? வேலைக்காகாத துண்டு என்று எறிந்திருந்தால்? அவள் டி.வி.க்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில், அவனுக்குப் பின்னால் இருந்த தறி நின்றது. அவன் பக்கவாட்டில் திரும்பினான். வாய் திறந்தது.

அதே நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னால், வாசல் நிலையில், தார்க்கட்டையால் இரண்டு தட்டு.

"நானு..." என்றார் அந்த அம்மா என் வாசலில். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன ஹாரன்.

ஆக, முடிவை நான்தான் செய்ய வேண்டும்.

முடிவு அ: அவள் திரும்பவில்லை. இரண்டு மாதம் காத்திருந்த குரல் அது. கேட்டாள், நிறைந்தாள். திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாருமில்லை. [அப்படியானால் அந்தக் கேசட்டை ஏன் திரும்பக் கேட்கவே இல்லை?]

முடிவு ஆ: திரும்பினாள். அந்த இரண்டு நொடி போய்விட்டது. பிறகு டி.வி. பக்கம் திரும்பினால் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். [பாவமாக இருக்கிறது. தவிர, திரும்பியிருப்பாள் என்பதற்கு என்ன சாட்சி?]

முடிவு இ: அவன் தட்டியதே டி.வி. குரல் அவளுக்குக் கேட்கக் கூடாது என்கிற பொறாமையில்

[வேண்டாம். அந்த மனிதனை எனக்கு அவ்வளவு தெரியாது.]

7

மேலே உள்ளதை எழுதிவிட்டு டீ குடிக்க எழுந்தேன். டம்ளரை வைக்கும்போது அது மேஜையில் இரண்டு தரம் இடித்தது. எனக்குச் சட்டென்று உறைத்தது.

டிரைவர் இல்லை. அது டிரைவர் இல்லை! பொறுமை கெட்டவன் நீட்டி முழக்குவான். இது அளவாக இரண்டு, தார்க்கட்டைத் தட்டு மாதிரி. அந்த அம்மா, கதையின் உச்சத்தில், வாயில் வார்த்தை இருக்கும்போதே அதை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். முடிவை என் வாசலில் செய்தே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான்தான் டிரைவரைத் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆகவே பாவாத்தாள் திரும்பினாள். இதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை. நிலைப்படியில் புருஷன் நின்றான். என்ன சொன்னான், எதற்குக் கூப்பிட்டான் என்பதெல்லாம் அவர்கள் பாடு. மறுநாள் ஒரு நிமிடம் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, மேலே வேறெதையும் யாரும் பதிந்துவிடாதபடி கேசட்டின் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் காதைக் கத்தியால் உடைத்து, அலமாரியில் வைத்துவிட்டாள். உடைந்த அந்த இடத்தை நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

மீதி இருப்பது ஒன்றுதான். அந்த "ஏனம்மணி" கேசட்டில் இருக்கிறதா, டி.வி.க்காரர்கள் வெட்டிவிட்டார்களா? இப்போது ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. டி.வி.யை அணைத்து வைத்திருக்கிறேன். பெட்டியின் முகப்பில் எண்கள் மட்டும் நகர்கின்றன: மூன்று நிமிடம் பத்து, மூன்று நிமிடம் பதினொன்று. நான்காவது நிமிடம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கதைக்கு முடிவு கிடைத்துவிடும். எழுத்தாளனுக்கு ஆசை இல்லாமலா? கை இரண்டு தரம் போய்விட்டுத் திரும்பியது. ஆனால் அந்தக் குரல் கூப்பிடுவது என்னை அல்ல. கேட்டுவிட்டு அந்த அம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

வாசலில் ஹாரன். இரண்டு தரம்.

நான் கேட்டைத் திறக்கப் போகிறேன். வண்டியில் உட்கார்ந்திருப்பவரையும் ஒரு தரம் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். ரிமோட் மேஜை மேலேயே இருக்கிறது, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில். மூன்று நிமிடம் நாற்பது.