முதல் படி சாமை

...பத்தொன்பது வருடம் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தியவளைப் பிறந்த வீட்டு வாசலிலேயே உட்காரவைத்து, நீ மலைக்காரிதானா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள், கேட்டால் விதிமுறையாம், யாருக்கு விதிமுறை, துறைத்தலைவர் சிவசங்கரிடம் எவனாவது போய் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டிருப்பானா, அவருக்கு மூன்றே மாதத்தில் பதவி உயர்வு வந்தது, செவ்வந்தியின் கோப்பு மட்டும் சாதிச் சான்றின் மெய்த்தன்மை தெரியவேண்டும் என்று இரண்டு வருடமாகத் தூங்குகிறது. மெய்த்தன்மை! வேலையில் சேர்ந்தபோது ஒருமுறை பார்த்தார்கள், பிஎச்.டி. முடித்தபோது இன்னொரு முறை, இது மூன்றாவது, இதில் பொய் என்று எழுதிவிட்டால் பேராசிரியர் பதவி இருக்கட்டும், இருக்கிற வேலையும் போய்விடும். சான்றிதழில் மலைவாழ் பழங்குடியான மலையாளி என்று இருப்பதைப் பார்த்து, மேடம் நீங்க கேரளாவா என்று சிரிக்கிற ஆசிரியர் அறை வேறு. ஜவ்வாது மலையில் ஒருநாள் ஏறி வந்து பார்த்திருக்கிறார்களா அவர்கள்... பேருந்து ஆலங்காயத்தை நோக்கி வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் அண்ணி பாஞ்சாலை, மடியில் ஒரு துணிப்பையோடு. மகள் நதியா பிளஸ் டூ படிக்கிறாள், அவளுடைய சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும் என்று அண்ணியும் கிளம்பி வந்திருந்தாள்.

காலையில் விசாரணைக்கு வந்த அதிகாரி தனசேகரன் மோசமான ஆள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டார், கொடுத்த தண்ணீரைக் குடித்தார், மலைப்பாதையைக் குறைசொன்னார், கையில் ஒரு அச்சடித்த தாள், இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில், பரீட்சை திருத்துகிறவர் மாதிரி. குலதெய்வம் கேட்டார், சாவுச் சடங்கு கேட்டார், பிறகு அந்தக் கேள்வி, புதுச் சாமை அறுத்தால் முதல் படி யாருக்கு? ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு, அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் உலை வைப்பார்கள் என்று செவ்வந்தி தடுமாறாமல் சொன்னாள். டிக். உறவினர் என்ற முறையில் பாஞ்சாலையிடமும் அதையே கேட்டார். அவள் ஒரு கணம் செவ்வந்தியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து, "பொறந்த வூட்ட வுட்டுப் போன பொண்ணுக்குங்க. அவ கைக்குப் போய்ச் சேந்தப்புறம்தான் நாங்க உலை வெப்போம்" என்றாள். தனசேகரன் தாளைப் பார்த்தார், சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டார். பாவம், அவங்களுக்குச் சரியாத் தெரியல போல, உங்க பதில் கரெக்ட் மேடம் என்று ஆறுதல் வேறு சொன்னார். இருபத்தைந்து வருடம் அந்த நிலத்தில் சாமை அறுத்தவளுக்குத் தெரியாதாம்! அப்போது வாய் திறந்திருக்க வேண்டாமா, அவ்வளவு கோபமும் அந்த நேரத்தில் எங்கே போயிற்று...

எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியும். மூன்று நாளைக்கு முன்னால் தன் சனத்தின் வழக்கத்தை இணையத்தில் தேடியவள் அவள்தானே. பத்து வயதில் திருப்பத்தூர் விடுதிக்குப் போனவளுக்கு அறுப்பு ஏது, கல்யாணம் ஏது, லீவுக்கு வந்து போனதோடு சரி, அதனால் தேடினாள், யாரோ ஒருவர் வேறெந்த மலையையோ பற்றி எழுதிய கட்டுரை கிடைத்தது, அதை மனப்பாடம் செய்தாள். தனசேகரனின் தாளிலும் அதே வரிதான், கை வைத்த பிறகுதான் என்பது உட்பட அப்படியே, தலைகீழாகப் பார்த்தாலும் தெரியாதா என்ன, இரண்டு கட்டுரைகளில் எது எதிலிருந்து காப்பி அடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குத்தானே அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். போன செமஸ்டரில் மாணவி கல்பனாவின் ப்ராஜெக்டை முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுத்தாளே, சொந்தமாக ஒரு வரிகூட உனக்குத் தெரியாதா என்று கேட்டாளே, அந்தப் பெண் எப்படி அழுதது! அவரும் காப்பி, இவளும் காப்பி, இரண்டும் பொருந்திப்போனதும் மெய் என்று ஒரு டிக், மெய் சொன்னவளுக்குக் கேள்விக்குறி. தனசேகரனின் எண் போனில் இருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லலாம்தான், என்னவென்று சொல்வது, அண்ணி சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்றா? சொன்னால் அந்த டிக் என்ன ஆகும், கோப்பு என்ன ஆகும்...

துணிப்பையிலிருந்து புதுச் சாமையின் வாசனை வந்தது. வருடா வருடம் கார்த்திகை வாக்கில் இதே மாதிரி ஒரு பை பார்சலில் வரும், இதை யார் உட்கார்ந்து சமைப்பது என்று வாட்ச்மேன் காசியிடம் கொடுத்துவிடுவாள், சர்க்கரைக்கு நல்லது, சாப்பிடுங்கள் என்று. பை வந்த அன்று சாயங்காலமே அண்ணி போன் செய்வாள், வந்து சேந்துச்சா என்று ஒரு கேள்வி, சேர்ந்தது என்றதும் வைத்துவிடுவாள், பார்சல்காரர்கள் மேல் நம்பிக்கையில்லை போல என்றுதான் செவ்வந்தி இத்தனை வருடம் நினைத்திருந்தாள். ஒரு வருடம் விடைத்தாள் திருத்தும் வேலை, நான்கு நாள் போனே எடுக்கவில்லை. அந்த நான்கு நாளும் அந்த வீட்டில் புதுச் சாமை உலை ஏறாமல்... அண்ணன் லட்சுமணன், சின்னப் பெண்ணாக இருந்த நதியா... ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாமே என்று அண்ணிமேல் கோபம் வரப் பார்த்தது, வந்து நிற்க இடமில்லாமல் திரும்பிச் செவ்வந்தியிடமே வந்தது.

"இன்னா செவ்வந்தி, அந்த ஆளு போனதுலேர்ந்து யோசனையாவே இருக்க?" என்றாள் பாஞ்சாலை. ஆலங்காயத்து வீடுகள் தெரியத் தொடங்கியிருந்தன. அவள் குரலில் குறையே இல்லை, சந்தையில் என்ன வாங்கலாம் என்று யோசிக்கிற குரல்தான். "நதியாவுக்கு விசாரிக்கவும் இதே ஆளுதான் வருவாராம். அப்ப நீ சொன்ன மாதிரியே நானும் சொல்லிடட்டுமா?"

சொல்லிடு என்றால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு எது மெய், வேண்டாம் என்றால் நதியாவின் படிப்பு... செவ்வந்தி வாயைத் திறந்தாள். பாஞ்சாலை பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்தபடி, துணிப்பையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.