இடக்கை முறுக்கு

பழைய காரின் பின்பக்க இடது கதவைப் பிரித்த அன்று பட்டறையில் இருந்தவர்கள்: பட்டறைக்காரர், அவருடைய மனைவி, சீட்டு தைக்கும் குஷன்காரர், காரின் சொந்தக்காரருடைய மகள், பத்தொன்பது வருஷமாக அந்தக் காரின் பின்சீட்டை விட்டு இறங்காத பட்டறைக்காரரின் அக்கா.

அக்கா ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. அன்றைக்கும் முப்பத்தொன்றுதான். தம்பிக்குத்தான் முன்மண்டை வழுக்கை விழுந்து, தொப்பையும் போட்டிருந்தது. வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்து, சேர வேண்டிய கடைசி நாள் அது. ரிப்பேருக்கு வந்த காரை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறேன் என்று தம்பி சொன்னார். பையோடு ஏறினாள், கதவைச் சாத்தினாள், அதோடு சரி. மற்ற மூன்று கதவும் நன்றாகவே திறந்தன. ஆனால் அவள் அந்தப் பக்கம் நகர நகர சீட்டும் நீண்டுகொண்டே போனது. தம்பி டேப் வைத்து அளந்தபோது பதினோரு அடி இருந்தது, அவள் பழைய இடத்துக்கு வந்ததும் நாலரை அடி. கண்ணாடியை உடைத்தார்கள். சில்லைக் கூட்டி அள்ளுவதற்குள் புதுக் கண்ணாடி நின்றது. அது பாதி மட்டும் இறங்கும். ஒரு மாதம் ஊரே வந்து பார்த்தது. அப்புறம் டயருக்குக் காற்றடிக்க வந்தவர்கள் போகிற போக்கில் சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போனார்கள். காரின் சொந்தக்காரர் வேறு கார் வாங்கிக்கொண்டார்.

அப்போது அம்மா படுத்த படுக்கை. கட்டிலைக் காருக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து போட்டார்கள். பாதிக் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி அக்கா ஊட்டினாள், துடைத்தாள், தலை வாரிவிட்டாள், இருமும்போது நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். ஏழு வருஷம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று அந்தக் கை வெகுநேரம் வெளியிலேயே தொங்கியது. தம்பி அதைப் பார்க்காமல் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். அதற்கு ரிப்பேர் ஒன்றும் இல்லை.

கதவின் உள்பக்க அட்டையைப் பிரித்துப் பார்க்கலாமே என்று யாராவது கேட்டால், துருப்பிடித்த கதவு, தொட்டால் தகடு கிழியும் என்பார். பத்தொன்பது வருஷமும் அதே பதில். ராத்திரி படுத்தால் அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பதுதான் கண்ணுக்குள் நிற்கும்.

காரின் சொந்தக்காரர் இறந்த பிறகு அவர் மகள் வந்தாள்.

"எல்லாம் பழையபடியே இருக்கணும். கைப்பிடி, அட்டை, ரப்பர் பீடிங், எதுலயும் டூப்ளிகேட் வேணாம்" என்றவள், பின்சீட்டைக் காட்டி, "இவங்க வண்டியோடயே வருவாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா அது."

"அப்பா சொல்லியிருக்காரு. எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல. சீட்டுத் துணி மாத்தறப்ப மட்டும் கொஞ்சம் எந்திரிச்சுக்கச் சொல்லுங்க."

பட்டறைக்காரர் குஷன்காரரிடம் திரும்பி, "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, கதவ நான் பாத்துக்கறேன்" என்றார்.

"இப்பதானே ரெண்டு டீ குடிச்சாரு. மூணாவது குடிச்சா வாந்திதான் எடுப்பாரு" என்றாள் மனைவி.

குஷன்காரர் கண்ணாடி சுற்றும் பிடியை எடுத்தார், கைவைக்கும் கட்டையைக் கழற்றினார், தட்டையான தகட்டை ஓரத்தில் கொடுத்து நெம்பினார். அட்டை கையோடு வந்தது. துரு இல்லை. கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியின் முனையில் கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் புண்ணியவான் கட்டினது? ரெண்டே ரெண்டு முறுக்கு. அதுவும் இடக்கை முறுக்கு."

 அந்தப் பட்டறையில் இடக்கைக்காரர் ஒருவர்தான் இருந்தார். பட்டறைக்காரர் இடக்கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வலக்கைக்கு மாற்றினார். மாற்றாமலே இருந்திருக்கலாம்.

"ஏங்க, நீங்களா?"

"அன்னைக்குக் கிளிப் கெடைக்கல" என்றார். அலமாரியில் கிளிப் டப்பா எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. "இருந்துச்சு" என்றார் பிறகு. "கால் மணி நேரம் கதவு மாட்டிக்கிட்டா போதும், பஸ் போயிடும்னு நெனச்சேன். அவ போயிட்டா அம்மாவ நான்ல பாக்கணும்."

பாதிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அக்கா, "டேய், பஸ்ஸு இன்னும் போகல. பேச்ச விட்டுட்டு சீக்கிரம் மாட்டு" என்றாள்.

கிளிப்பை மாட்ட நாலு நிமிஷம் ஆனது. குஷன்காரர் உதவிக்குக் கை நீட்டவில்லை, திட்டவும் இல்லை. அக்கா கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாத்திக்கொண்டாள்.

"இங்க எறங்கி நான் என்ன பண்ண? பஸ் ஸ்டாண்டுல விடு."

சொந்தக்காரரின் மகள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள், வண்டியை ஓட்டிப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று. பாதி வழியில் தம்பி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுக்கா."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"அம்மா உன் கையாலதான்..."

"அம்மாவ நான் பாத்தது உனக்காக இல்ல. அத வச்சு நீ மனச ஆத்திக்காத."

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கடை. கடைக்கு நடுவில், கட்டில்களுக்கும் பீரோக்களுக்கும் இடையில், பஸ் என்ஜின் ஓடியபடி நின்றது. பயணிகள் ஜன்னலில் தலையை நீட்டி முனகினார்கள். கடை ஆட்கள் இரண்டு பேர் பஸ் வெளியேற வழிவிட்டு ஒரு சோபாவை ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தானே கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏம்மா, ஒரு ஆளுக்காக வண்டிய எவ்வளவு நேரம் நிறுத்தறது?" என்று கண்டக்டர் கத்தினார்.

"கதவுல சின்னக் கோளாறு" என்றாள். யார் செய்தது என்று சொல்லவில்லை. தம்பி நீட்டிய பையை வாங்கிக்கொண்டு படியேறினாள். அவர் படியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கைய எடுய்யா" என்றார் கண்டக்டர். எடுத்ததும் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டார்.