பிளீச் படாத காது

காலையில் அந்தச் செய்தி வந்ததிலிருந்தே சுகன்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மோகனூர் ரோட்டுக் கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறவள் அவள். வருடக்கணக்காக, ஓய்ந்த நேரமெல்லாம் டேப்லெட்டில் மனித முகம் வரைந்து பழகியவளுக்கு, சென்னையில் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று கடைசித் தேர்வு வைத்திருந்தது. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. பண்ணை நாற்றத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

நிபந்தனை ஒன்றுதான். ஒருவரை எதிரே உட்காரவைத்து, முகத்தைத் தோலின் துளை வரைக்கும் அச்சு அசலாக வரைய வேண்டும். பிறகு வீடியோ காலில் படத்தையும் ஆளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டரையே வரையச் சொல்லிவிட்டுத் தான் வரைந்ததாகச் சாதிக்கும் கில்லாடிகள் பெருத்துவிட்டார்கள் அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஆளை வெளியே தேடுவானேன்? கட்டிய புருஷன் கலையரசன் இருக்கிறானே! முட்டை வண்டி ஓட்டி ஓட்டி, ஜன்னல் பக்கத்து வலது கன்னம் மட்டும் ஒரு படி கூடுதலாகக் கறுத்தவன். தாடையில் பழைய பரு விட்டுப்போன குழிகள், மூக்குத் தண்டில் கண்ணாடி அழுத்திய தடம். இப்படி ஒரு முகம் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவள் துள்ளினாள். அவன்தான் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு அரண்டுபோனான். திரையில் அவன் கன்னம் உழுதுபோட்ட காடு மாதிரிக் கிடந்தது.

“ஏம்புள்ள, இத்தனை குழியா எம்மூஞ்சில?”

சுகன்யா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவள் கவலை வேறு. குழி, கோடு எல்லாம் சரியாக வந்தும், படம் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பொம்மையாகவே இருந்தது. அடுத்த நாள் பண்ணையில், கீறல் இருக்கிறதா என்று ஒரு முட்டையை விளக்குக்கு நேரே பிடித்தபோது பொறி தட்டியது. வெளிச்சம் ஓட்டின் மேலேயே நிற்கவில்லை. உள்ளே புகுந்து, முட்டை முழுக்க நிறைந்து, சிவந்து வெளியே வந்தது. தோலும் அப்படித்தானே!

அன்று மாலையே கலையரசனை மேற்கு ஜன்னலோரம் உட்காரவைத்தாள். வெயில் ஊடுருவி அவன் காதுமடல் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. சின்ன வயதில் குலதெய்வக் கோயிலில் காது குத்திய துளை தூர்ந்துபோன இடத்தில் மட்டும் வெளிச்சம் ஒரு பொட்டு கூடுதல். சுகன்யாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தக் காது படத்தில் வந்ததும் முகம் முழுக்க உயிர் வந்துவிட்டது.

தேர்வு நாளில் செவ்வாய்ப்பேட்டைக்கு முட்டை இறக்கப் போனவன், சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிட்டான். கதவைத் திறந்த சுகன்யாவுக்குப் பகீரென்றது. வாசலில் யாரோ புது மாப்பிள்ளை, வெளுத்துப்போய், வழவழவென்று நின்றான்.

“என்னங்க பண்ணிப்போட்டு வந்திருக்கீங்க?”

“பார்லர்ல ஃபேசியல், பிளீச்சுன்னு என்னென்னமோ பண்ணுனாங்க புள்ள. கம்பெனிக்காரங்க முன்னால உனக்குக் கொறச்சலா இருக்கக்கூடாதுல்ல?”

அடிப்பதா அழுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இழுத்துப் போய்த் தேய்த்துக் கழுவினாள். குழிகளை மூடியிருந்த க்ரீம் போனது. வெயில் கொடுத்த கறுப்பு திரும்பவில்லை. அதற்குள் போன் அடித்தது.

திரையில் வந்த அபிநயா என்ற அதிகாரி, படத்தையும் கலையரசனையும் மாறி மாறிப் பார்த்தாள். “இவரு வேற ஆள் மாதிரி இருக்காரே?”

சுகன்யா திக்கித் திணறி நடந்ததைச் சொன்னாள். “எல்லாரும் ஏதாவது காரணம் சொல்றாங்க” என்று அபிநயா பெருமூச்சு விட்டாள். எல்லாம் தன்னால்தான் என்று புரிந்த கலையரசன், தலை நிமிர முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்கால வெயில் ஊடுருவி அவன் காது செக்கச்செவேலென்று பற்றிக்கொண்டது. பிளீச் போட்டவர்கள் முகத்தோடு நிறுத்தியிருந்தார்கள்!

“அசையாதீங்க! அப்படியே இருங்க!” சுகன்யா போட்ட சத்தத்தில் அவன் சிலையாகிவிட்டான். போனைக் காதருகே கொண்டுபோனாள், பிறகு படத்தருகே. “பாருங்க மேடம்! அந்தத் துளையைப் பாருங்க!”

அபிநயா திரைக்கு அருகே குனிந்தாள். “மறுபடியும் காட்டுங்க.” காட்டினாள். அபிநயாவின் குரலே மாறியிருந்தது. “ஆளைப் பக்கத்துல வச்சுப் பார்க்காம இதைப் போட முடியாது. ஒண்ணாம் தேதி சேர்ந்துக்குங்க. சாரை இனிமே பார்லர் பக்கம் விடாதீங்க.”

போன் அணைந்ததும் சுகன்யா வீடு அதிரக் குதித்தாள். கலையரசன் குதிக்கவில்லை. முழுப் படத்தையும் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். குழி அப்படியே இருந்தது, கறுப்பும் இருந்தது. அவன் கை தானாகத் தன் வெளுத்த கன்னத்தைத் தடவியது.

“நல்லாத்தான் புள்ள இருந்திருக்கேன்” என்றான். “நீ சொல்லவே இல்லையே.”

“அதைத்தானுங்க இத்தனை நாளா உக்காந்து வரைஞ்சேன்” என்று சொல்லி, சுகன்யா அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.