நூற்றிருபதுக்கு மேல் இடமில்லை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விண்வெளி விளையாட்டில் நான் மண்கவ்வியதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. இடம்: வவுனியாவில் நாஸிமின் கொம்பியூட்டர் கடை. ஆண்டு 2007. விளையாட்டில் ஆளுக்கு நூற்றிருபது இடங்கள். வேவுக் கப்பல் ஓர் இடம் பிடிக்கும், போர்க்கப்பல் ஆறு. நிரம்பிவிட்டால் கப்பல் தளம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். புதியது வேண்டுமென்றால் பழையதைக் கலைக்க வேண்டும். நான் கண்டபடி வேவுக் கப்பல்களைக் கட்டி நிரப்பிவிட்டு, நாஸிமின் போர்க்கப்பல்கள் வந்தபோது கும்பிட்டேன். எழுத்திலும் எனக்கு இதே வியாதி: தேவையில்லாத ஆட்கள்.

ஆகவே இந்தக் கதைக்கு எல்லை போட்டுவிட்டேன். கடைக்குள் மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

2
முதல் தொடக்கம்: "முடிவேயில்லாத விண்வெளியில் ஆயிரம் சூரியன்கள்..." வேண்டாம். வவுனியாவில் இருந்துகொண்டு முடிவேயில்லாததைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள்.

இரண்டாவது: கோகுலன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.

இது இருக்கட்டும். கோகுலன் கிளிநொச்சிக்காரன்; அப்போது அது இயக்கத்தின் கையில் இருந்த ஊர். கண் ஒப்பரேஷனுக்கு இயக்கத்திடம் பாஸ் எடுத்து வந்தவன். அங்கிருந்து ஒருவர் வெளியே வர, வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். நிற்பது அக்கா பிரஷாந்தினி. பாஸ் இன்றோடு முடிகிறது; நாலு மணிக்கு எல்லையிலுள்ள ஓமந்தைச் சோதனைச் சாவடி மூடும். திரும்பிப் போனால் இயக்கம் அவனைச் சண்டைக்குப் பிடிக்கும். போகாவிட்டால் அவனுக்குப் பதிலாக அக்காவை.

(இந்த இடத்தில் ஒரு பகிடி வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.)

3
"இன்னொரு ஆட்டம் மச்சான்" என்றான் நாஸிம்.

"பஸ் போயிடுமடா" என்றான் கோகுலன்.

"மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன். இந்தமுறை லிமிட்டைக் கூட்டட்டே? இருநூற்றி நாப்பது."

"ஏன், நூற்றிருபதோடை தோத்தது போதாதே உனக்கு?"

"அதுக்குத்தான். கனக்கக் கப்பலோடை தோப்பம்."

[அடிக்குறிப்பு: எல்லையைக் கூட்டினால் ஆட்டம் நீளும். ஆட்டம் நீண்டால் சாவடி மூடிவிடும். நாஸிம் வெல்வதற்காக விளையாடவில்லை. சின்ன வயதில் முல்லைத்தீவிலிருந்து குடும்பத்தோடு துரத்தப்பட்டவன். ஆட்களை இழந்த அனுபவம் அவனுக்குப் போதும்.]

4
நாஸிமின் போர்க்கப்பல்கள் கோகுலனின் தளத்துக்கு முன்னால் வந்து, சுடாமல் நின்றன.

"சுடனடா."

"பொறு, இன்னும் சேர்க்கிறன்."

"நீ எப்பவடா பொறுத்தனி?"

நாஸிம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோகுலனுக்கு விளங்கிவிட்டது. தன் கப்பல்களைக் கலைக்கத் தொடங்கினான். கப்பல் இல்லாவிட்டால் தோல்வி, ஆட்டம் முடியும். மூலையில் எண்ணிக்கை விறுவிறென்று இறங்கி ஒன்றில் நின்றது. தொடக்கத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற வேவுக் கப்பல். அதை அவன் ஒருநாளும் கலைத்ததில்லை. நாங்கள் நக்கலடித்தும் கலைத்ததில்லை.

"'நீ போ, நான் நிக்கிறன்' எண்டு மட்டும்தான் அக்கா சொன்னவா" என்றான் கோகுலன்.

அதையும் கலைத்துவிட்டு எழுந்தான். அதற்கு முன்பே நாஸிம் கதவுக்குக் குறுக்கே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டான்.

"தள்ளடா."

"ஏலாது."

"உன்ரை அக்கா எண்டால்?"

நாஸிம் கதிரையை இன்னும் கதவோடு நெருக்கிப் போட்டான். மணி மூன்று இருபது.

5
முடிவு அ: கோகுலன் அவனைக் கதிரையோடு தள்ளிவிட்டுப் போகிறான். அக்கா மிஞ்சுகிறாள்.

முடிவு ஆ: மணி நாலாகிறது. கோகுலன் மிஞ்சுகிறான்.

முடிவு இ: யாரோ கதவைத் தட்டுகிறார்கள். காட்டுவழியே வவுனியாப் பக்கத்துப் பூவரசங்குளத்துக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிய பிரஷாந்தினி... நடக்காது என்று தெரிந்துகொண்டே பலமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் இடம் நிரம்பியிருந்தது. நீ போட்ட எல்லைதானே, கூட்டிவிடேன் என்பீர்கள். நினைத்தபடி கூட்ட முடிகிற ஊரில் இந்தக் கதை நடக்கவில்லை.

ஆனால் கலைக்கலாம். இந்தக் கடையில் சும்மா இடம் பிடித்திருப்பவன் ஒருவன்தான்: மூன்றாவது கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதுவரை ஒரு சொல்லும் பேசாதவன்.

என்னைக் கலைக்கிறேன். ஓர் இடம் காலி.

இனி நடப்பதைச் சொல்ல ஆளில்லை. ஒன்றைமட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. அது அக்காவாக இருந்தால் திறக்கத்தான் வேண்டும். இல்லையென்றால், திறந்த கதவால் கோகுலன் போய்விடுவான். கடைக்குக் கதவு ஒன்றுதான். நாஸிம் கதிரையைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறான். எழும்பச் சொல்வதா, வேண்டாமா என்று நீங்கள்