எலிக்குக் கிடைத்த தங்கம்

நேரு வீதியில் கைலிக்கடை வைத்திருந்த ஹிதாயத்துல்லாவுக்கு இடது கன்னத்தின் உள்ளே, புகையிலை அடக்கி அடக்கி, ஒரு புற்றுக்கட்டி வந்தது. கன்னத்தோடு கொஞ்சம் தாடையையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"எடுத்துட்டா நான் எப்படி கைலி விக்கறது? ஊமைப் படமா ஓட்றது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் தங்கை மகள் அரீபா. அவள் ஆராய்ச்சிக் கூடமொன்றில், புற்றுக்கட்டியை வெளிச்சத்தால் கொல்வது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே அங்கே போய் நின்றார்.

மயக்கத்தில் கிடந்த வெள்ளை எலியின் தொடையில் பட்டாணி அளவு கட்டி. அதன் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை ஏற்றியிருந்தாள் அரீபா. மாமாவுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு லேசரைப் போட்டாள்.

"லைட்டே எரியலியேம்மா. கரண்ட் போயிடுச்சா?"

"இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மாமா. பழைய லைட் வைத்தியத்துக்கு ஆக்சிஜன் வேணும். கட்டிக்கு நடுவுல ஆக்சிஜனே இருக்காது. அதனால மேல சாவும், உள்ள பொழச்சுக்கும். இந்தத் தங்கம் சூடாகியே கொன்னுடும். அதுக்குக் காத்து வேணாம்."

"காத்தே இல்லாமயா கொழுக்குது? என் மச்சான், உங்க அத்தா மாதிரி. சோறு போடலன்னாலும் சதை போடுவாரு."

அரீபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் போனபோது எலியின் கட்டி கருகிப் பொருக்காகியிருந்தது. ஹிதாயத்துல்லா வீட்டுக்கு ஓடி, "உன் வளையலைக் குடு, அரைச்சு ஊத்திக்கறேன்" என்று மனைவியிடம் கை நீட்டினார்.

"வளையல்ல கைய வச்சா, கட்டிக்கு முன்னால நீங்க போயிடுவீங்க" என்றாள் ஜஹபர் நிஷா.

மறுபடி அரீபாவிடமே வந்தார். "கணக்குல என்னையும் ஒரு எலின்னு எழுதிக்கம்மா. கொஞ்சம் பெரிய எலி."

அவள் கூண்டைப் பார்த்தபடி சொன்னாள். "நாளைக்கு இத அறுக்கப் போறோம் மாமா."

"நல்லாயிடுச்சே, அப்புறம் என்னாத்துக்கு?"

"உள்ள மிச்சம் இருக்கா, தங்கம் ஈரல்ல போய் உக்காந்துடுச்சான்னு பாக்கணும். வேற வழி இல்ல."

எலி தன் வெற்றியைப் பற்றி எதுவும் தெரியாமல் கேரட்டைக் கொறித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சா உங்களுக்குச் செய்ய மாட்டனா? மனுசனுக்கு வர இன்னும் பல வருசம் ஆவும். உங்களுக்கு அவ்ளோ நாள் இல்ல." அவள் கூண்டை மூடினாள்.

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் சொன்னார்: "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம். அந்தாளு அறுத்தாலும் உசுரோட திருப்பிக் குடுப்பாரு."

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அழுதார். ஜஹபர் நிஷா துடைத்துவிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தெம்பு வந்ததும் கடையைத் திறந்தார். முதலில் வந்தவர் விலை கேட்டார். ஹிதாயத்துல்லா சொன்ன பதில் ஈரத்துணிக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. இரண்டு தரம் கேட்டுப் புரியாமல், மூன்றாம் தரம் கேட்கக் கூச்சப்பட்டு, அந்த மனிதர் நோட்டை நீட்டி, பேரம் பேசாமல் கைலியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவரும் அப்படியே.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னார். அவளுக்கும் புரியவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு முட்ட, தையல் போட்ட இடம் வலித்தது.